முதல் இருபது வினாடி

கடிதங்களுக்கு நாடித்துடிப்பு வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. எழுதுகிறவர் கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு எழுதுவார். அப்போது அவர் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்கிறதோ அது கடிதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். படிக்கிறவரும் பட்டையைக் கட்டிக்கொண்டால் அந்தத் துடிப்பு அவர் கழுத்தில் மெல்ல இறங்கி, கொஞ்ச நேரத்தில் அவர் நெஞ்சும் அதே தாளத்துக்கு வந்துவிடும். 'இங்கு யாவரும் நலம்' என்று யாரும் பொய்யாக எழுத முடியாமல் போனது அதற்குப் பிறகுதான்.

வலம்புரி மேடையில் இருந்த தொண்ணூற்று நான்கு பேருக்கும் அந்தக் கடிதங்கள்தான் ஊர், வீடு எல்லாம். தூத்துக்குடியிலிருந்து படகில் மூன்று மணி நேரம் வந்தால் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் அறுபத்திரண்டு காற்றாலைக் கோபுரங்கள் தெரியும். அவற்றுக்கு நடுவில், இரும்பு ஆமைபோல ஒரு மேடை. அங்கே கைபேசி எடுக்காது. கரையோடு பேச ஒரு ரேடியோ உண்டு, அதுவும் வேலைக்கு மட்டும். வாரம் ஒரு படகு வரும். ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் அதற்கும் உத்தரவாதமில்லை. காலை ஏழு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் செயற்கைக்கோள் வழியாகக் கடிதங்கள் வந்து இறங்கும். அவற்றை வாங்கிப் பிரித்து அவரவர் பட்டைக்கு அனுப்புகிற மெயில் சர்வர் சமையலறைக்குப் பின்னால், எப்போதும் மீன் குழம்பு மணக்கிற ஒரு சின்ன அறையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவள் விண்ணரசி.

கோபுரம் ஏறுகிறவர்கள் இரண்டு இரண்டு பேராக ஒரே கயிற்றில் ஏறுவார்கள். ஒருவன் மனம் கலங்கினால் இருவருக்கும் ஆபத்து. அதனால் மேடையில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. யாருக்குக் கடிதம் வந்தாலும் முதலில் அவனுடைய கயிற்றுக் கூட்டாளி பட்டையைத் தன் கழுத்தில் கட்டிப் பார்ப்பான். எழுத்தைப் படிக்கக் கூடாது, துடிப்பை மட்டும். பாதகமில்லை என்றால் கழற்றிக் கொடுப்பான். இல்லையென்றால், "எறங்கினப்புறம் படிச்சுக்க" என்று தன் பைக்குள் போட்டுக்கொள்வான். இதற்கு 'உப்புப் பார்ப்பது' என்று பெயர்.

கொம்பையாவுக்கு ரீகன் உப்புப் பார்ப்பான். கொம்பையா தென்காசிப் பக்கம், ரீகன் மணப்பாடு. இரண்டு வருடமாக ஒரே கயிறு.

"ஏல, உம் பொண்டாட்டிக்கு இன்னைக்குப் பயங்கரக் கோவம்ல" என்பான் ரீகன், கண்ணை மூடிக்கொண்டு. "என்னத்த மறந்த? பொறந்த நாளா?"

"குடுல இங்க."

"இரு, முடியல. ஆங்... இப்ப லேசா எறங்குது. பொழச்ச போ."

மாரிச்செல்வியின் கோபம் தன் அம்மாவின் கோபத்தைவிட நன்றாகத் தெரியும் என்று ரீகன் சொல்லிக்கொள்வான். கொம்பையாவுக்குக் காது சிவந்துவிடும். எல்லோருக்கும் இது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் நிறுத்தத் துணியவில்லை.

'நடுக்கம்' வந்த பிறகு எல்லாம் மாறியது. யாரோ, எங்கேயோ, துடிப்பை மட்டும் கையால் செய்து ஒரு கடிதத்தில் ஒட்டி அனுப்பினார்கள். கட்டிக்கொண்டவருக்குக் காரணமில்லாத பயம் ஏறும், ஏறிக்கொண்டே போகும், இறங்காது. அதற்குள் கடிதம் அவர் பெயரில் அவருக்குத் தெரிந்த எல்லோருக்கும் போய்விடும். மேற்குக் கரையில் இன்னொரு மேடையில், உப்புப் பார்த்த கூட்டாளியே கோபுரத்தின் உச்சியில் கயிற்றை விட்டுவிட்டான். ஒரு மாதத்துக்குள் கடிதங்களைச் சோதித்து அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும், இல்லையென்றால் கடிதமே கிடையாது என்று கரையிலிருந்து உத்தரவு வந்தது.

விண்ணரசி 'சல்லடை' என்ற மென்பொருளை இறக்கினாள். மேடையின் மேற்பார்வையாளர் ஜெபமணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது யாரு செஞ்சதும்மா?"

"யாரோ ஒருத்தர் இல்ல சார். உலகம் பூரா ஆயிரம் பேரு, சும்மா செஞ்சு குடுக்காங்க. உள்ள என்ன இருக்குன்னு யாரு வேணாலும் தெறந்து பாக்கலாம். எங்கயாச்சும் புதுசா ஒரு கெட்ட கடிதம் கெளம்பிச்சுன்னா அதோட சாயல எழுதி வச்சிருவாங்க. ஆறு மணி நேரத்துக்கு ஒருக்க நம்ம சல்லடை போய் அத வாங்கிட்டு வந்துரும்."

"நம்ம சர்வருக்கும் அதுக்கும் என்ன ஒட்டு?"

"சர்வர் வாசல் காவக்காரன் மாதிரி. கடிதம் வந்ததும் சல்லடை கையில குடுக்கும். அது சரின்னு சொன்னாத்தான் உள்ள விடும்."

"சல்லடையே படுத்துட்டா?"

"அதையும் நாமதான் சொல்லி வைக்கணும். தெறந்து விட்டுரவா, வாசல்லயே நிப்பாட்டவா?"

"நிப்பாட்டு."

அவள் தட்டச்சு செய்தாள். பிடிபட்ட கடிதத்தை அழிக்க வேண்டாம், சர்வருக்குள்ளேயே ஒரு தனி அறையில் வைக்கலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். யாருக்கு என்ன கடிதம் மாட்டியது என்று அவள் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று மேடை ஆட்கள் கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தார்கள். அது நியாயம்தான். அந்த அறையில் பெயர்கள் வேண்டாம், எண்கள் மட்டும் போதும் என்று எழுதினாள்.

"மாட்டிச்சுன்னா அவுகளுக்குச் சொல்லணுமா சார்?"

ஜெபமணி யோசித்தார். "உனக்கு வந்த கடுதாசில பயம் இருக்குன்னு ஒருத்தன்கிட்ட சொன்னா, அவனுக்கு அதவிடப் பயம் வேற வேணுமா? சொல்லாத."

அதுவும் சரியாகத்தான் பட்டது. சொல்லாதே என்று எழுதினாள்.

மறுநாள் காலைக் கடிதங்கள் மாலை ஆகியும் வரவில்லை. சல்லடை ஒவ்வொரு கடிதத்தையும் முதலிலிருந்து கடைசிவரை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. மேடையின் சர்வர் பழையது, ஒரு கடிதத்துக்குக் கால் மணி நேரம் பிடித்தது. சமையலறையிலிருந்து தட்டில் கரண்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. "விண்ணரசி அக்கா, எங்க கடுதாசி எங்க?" என்று பாட்டாகவே பாடினார்கள். சல்லடை செய்தவர்கள் கூடவே ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்கள். துடிப்பை முழுவதும் சோதிப்பது நல்லது, இயந்திரம் மெதுவானதாக இருந்தால் இவ்வளவு வினாடிக்கு மேல் பார்க்காதே என்று சொல்லவும் வழி உண்டு. விண்ணரசி அந்த இடத்தில் இருபது என்று எழுதினாள். பத்து நிமிடத்தில் எல்லாக் கடிதங்களும் மடை திறந்தாற்போல இறங்கின. கைதட்டினார்கள். சமையல்காரர் நூர்தீன் பாய் அவளுக்கு மட்டும் தனியாக ஒரு துண்டு வறுத்த சீலா மீன் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றோடு உப்புப் பார்ப்பது நின்றது. "நல்லவேளைக்கா" என்றான் ரீகன். "இவன் பொண்டாட்டிகிட்ட நான் வாங்கினது போதும்."

*

ஐந்து வாரம் கழித்து, ஆடிக் காற்றில் படகு வராமல் போன இரண்டாவது வாரம், கொம்பையா சர்வர் அறை வாசலில் வந்து நின்றான். நல்ல உயரம், வாசலில் குனிந்துதான் நிற்க முடியும்.

"அக்கா, எனக்கு ஏதாச்சும் வந்துருக்கா?"

"வந்தா பட்டைக்கே வந்துருமே கொம்பையா."

"நாலு நாளா இல்ல. தெனம் எழுதுவா. இது ஒம்பதாவது மாசம்."

போன தடவை ஏழாவது மாதத்திலேயே குழந்தை தங்காமல் போனது மேடைக்கே தெரியும். அந்தக் கடிதத்துக்கு உப்புப் பார்த்த ரீகன் அதைப் பையில் போட்டுக்கொண்டு, கொம்பையாவைக் கீழே இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தான்.

"கரை ஆபீஸ்ல கேட்டியா?"

"சார் ரேடியோல கேட்டாவ. வீட்டுக்குப் போன் போட்டாகளாம், யாரும் எடுக்கலையாம்." அவன் கதவு நிலையை விரலால் சுரண்டினான். "கடுதாசி நடுவுல எங்கயும் நிக்காதுல்ல?"

"நிக்காது. வரலைன்னா எழுதலைன்னு அர்த்தம்" என்றாள் விண்ணரசி.

சொன்ன பிறகுதான் குரல் அவ்வளவு வறட்சியாக வந்தது அவளுக்கே தெரிந்தது. அது கொம்பையாவுக்கு என்று வைத்திருந்த பதில் அல்ல. அப்பாவைக் கடல் கொண்டுபோன வீட்டில், நீயும் கடலுக்குப் போனால் என் முகத்தில் விழிக்காதே என்று அண்ணன் கிளாரன்ஸ் சொல்லியிருந்தான். அவள் வந்துவிட்டாள். ஐந்து வாரத்துக்கு முன், மூன்று தடவை அழித்து எழுதி, அவனுக்கு ஒரு கடிதம் போட்டாள். பதில் இல்லை. வரவில்லை என்றால் எழுதவில்லை. தனக்குத்தானே தினமும் சொல்லிக்கொண்டு பழகிப்போன வாசகம் அது.

கொம்பையா தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் மாலை நான்கு மணிக் கடிதங்கள் வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ரீகன் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"அக்கா, அவன் ரப்பர் படகுக்குக் காத்தடிச்சுட்டு இருக்கான். கரைக்குப் போறானாம்."

"இந்தக் காத்துலயா?"

"சொன்னா கேக்கணும்லா. சார் நாப்பதாம் கோபுரத்துல இருக்காவ, வர முக்கா மணி நேரமாவது ஆகும். இப்பதைக்கு நூர்தீன் பாய் படகு மேல ஏறி உக்காந்துட்டாவ. எந்திரிக்க மாட்டேன்னு சாதிக்காவ. அவரு வெயிட்டுக்கு அவனால நகட்ட முடியல. ஆனா எவ்ளோ நேரம்?"

விண்ணரசி திரைப் பக்கம் திரும்பினாள். கடிதம் நடுவில் எங்கேயும் நிற்காது என்று அவள்தான் சொன்னாள். நிற்க ஒரு இடம் இருந்தது. அதைக் கட்டியதும் அவள்தான். ஐந்து வாரமாக அந்தத் தனி அறையை அவள் எட்டிப் பார்க்கவில்லை, பார்த்தாலும் எண்கள்தானே என்று.

திறந்தாள். பதினோரு எண்கள்.

"பதினொண்ணு நிக்குது" என்றாள். "இதுல அவளோடது இருக்கலாம்."

"அப்ப எல்லாத்தையும் தெறந்து விடுங்க!"

"ஒண்ணே ஒண்ணு நெசமான நடுக்கமா இருந்தா? யாரு பட்டைக்குப் போகும்னு எனக்குத் தெரியாது. கோபுரத்துல இப்ப முப்பது பேரு நிக்காங்க."

"முழுசாச் சோதிக்கச் சொல்லுங்க."

"கடிதத்துக்குக் கால் மணி நேரம். பதினொண்ணுக்குக் கணக்குப் போடு."

ரீகன் கணக்குப் போடவில்லை. தன் கழுத்துப் பட்டையின் கொக்கியைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என் பட்டைக்கு ஒவ்வொண்ணா அனுப்புங்க. எழுத்து வேண்டாம். துடிப்பு மட்டும்."

"ரீகன்..."

"ரெண்டு வருசம் உப்புப் பாத்துருக்கேன்க்கா. அவ நெஞ்சு நாலு தட்டுக்கு ஒருக்க லேசா இடறும். கோவத்துலயும் இடறும், சிரிப்புலயும் இடறும். வேற யாருக்கும் அப்படி கெடையாது. நான் கையத் தூக்கினா பட்டையப் பிடுங்கிருங்க. அவ்ளோதான்."

அவள் தன் நாற்காலியை அவனுக்கு நேரே போட்டு, ஒரு கையைக் கொக்கியின் மேல் வைத்துக்கொண்டு, மறு கையால் முதல் எண்ணை அனுப்பினாள்.

ரீகன் கண்ணை மூடினான். தோள் இறுகியது. கொஞ்ச நேரத்தில் தளர்ந்தது. "யாரோ வயசானவுக. பயந்து, அப்புறம் செபம் சொல்லுத மாதிரி எறங்கிட்டாக. அவ இல்ல."

இரண்டாவதில் அவன் முகம் கோணியது. மூச்சு திணறியது. விண்ணரசி கொக்கியைப் பிடித்தாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, சட்டென்று வாய்விட்டுச் சிரித்தான். "இது சிரிப்புக்கா! வயிறு வலிக்கச் சிரிக்காங்க யாரோ. இதப் போய்ப் புடிச்சு வச்சிருக்கே உங்க சல்லடை!"

மூன்றாவதில் அவன் கையைத் தூக்கவில்லை. தூக்க முடியவில்லை. உதடு வெளுத்து, விரல்கள் நாற்காலிக் கையை அள்ளிப் பிடித்தன. பதினைந்து வினாடி, இருபது, முப்பது. இறங்கவே இல்லை, படிக்கட்டு ஏறுவதுபோல ஏறிக்கொண்டே இருந்தது. விண்ணரசி பட்டையைப் பிடுங்கி எறிந்தாள்.

அவன் ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தான். பற்கள் செம்பில் மோதும் சத்தம் கேட்டது.

"நெசமான ஒண்ணு இருக்கு" என்றான். "உங்க சல்லடையத் திட்ட முடியாது."

"போதும் ரீகன்."

"பாய் அங்க உக்காந்துருக்காருக்கா. போடுங்க."

நான்காவது ஆண். "யாரோ திட்ட ஆரம்பிச்சாரு. பாதியில ஒடஞ்சு அழுதுட்டாரு. இப்ப... இப்ப நல்லாருக்காரு, லேசாயிட்டாரு. அடுத்தது." ஐந்தாவதில் ஒரு குழந்தையின் பயம், இடியோ நாயோ. அடுத்தது.

ஆறாவது எண் போனதும் ரீகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சுட்டுவிரலால் மேசையைத் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, இடறல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, இடறல்.

"இவதான்."

அவன் நெற்றியில் வியர்வை பொடித்தது. "வலி. பயங்கர வலிக்கா. பயப்படுதா." திரையில் வினாடிகள் ஓடின. பதினெட்டு, பத்தொன்பது. விண்ணரசியின் விரல் கொக்கியில் இருந்தது. இருபது.

"எடுக்காதீங்க."

அறுபது வினாடி ஆனது. தொண்ணூறு. ரீகனின் கண்ணோரம் நனைந்தது. அவன் மேசையைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, ஏதோ தூரத்துச் சத்தத்தைக் கேட்பவன்போலத் தலையைச் சாய்த்தான். பிறகு மறு கை விரலால் தட்ட ஆரம்பித்தான். வேகமாக, ரொம்ப வேகமாக, மழைத்துளி தகரத்தில் விழுவதுபோல.

"அவ தாளம் நிதானமாயிட்டுக்கா. அதுக்கு மேல... இது அவளோடது இல்ல. குட்டியா இன்னொண்ணு கேக்கு. அவ நெஞ்சு மேல போட்டிருக்காங்க போல."

*

கொம்பையா படகுக் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். படகுக்குள் நூர்தீன் பாய் சப்பணமிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கடல் சாம்பல் நிறத்தில் மேடையின் தூண்களில் வந்து மோதியது.

ஆறாவது கடிதத்தைக் கொம்பையாவின் பட்டைக்கு விட்டுவிட்டு விண்ணரசி ரீகனோடு ஓடி வந்தாள். ரீகன் கொம்பையாவின் கழுத்தில் பட்டையைக் கட்டினான், தோளில் கை வைத்து அழுத்தி உட்காரவைத்தான். "மொத கொஞ்ச நேரம் கஷ்டமா இருக்கும். நான் பாத்துட்டேன். உப்புச் சரியா இருக்கு" என்றான்.

கொம்பையா முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினான். பிறகு நிமிர்ந்தான். பிறகு அவ்வளவு பெரிய உடம்பு முழுவதும் அவிழ்ந்ததுபோல அந்த இரும்புத் தளத்தில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தான். வாய் திறந்திருந்தது. அழுகிறானா சிரிக்கிறானா என்று சொல்ல முடியவில்லை.

"வலி வந்தா பட்டையக் கட்டிக்கன்னு நான்தான் சொன்னேன்" என்றான் கொஞ்ச நேரம் கழித்து. "நானும் கூட இருந்த மாதிரி இருக்கும்னு. இது அஞ்சு நாள் முந்தின கடுதாசி. அஞ்சு நாளா அவளுக்குப் பதிலே போடலையேக்கா நான்!"

"அதான் கோவிச்சுக்கிட்டு எழுதாம இருக்கா" என்றான் ரீகன். "அவள எனக்குத் தெரியும்ல. நாளைக்கு வரும் பாரு ஒரு கடுதாசி. அதுக்கு நான் உப்புப் பாக்க மாட்டேன் சாமி."

நூர்தீன் பாய் படகிலிருந்து எழுந்து, மரத்துப்போன காலை உதறினார். "பொண்ணா பையனா?"

"எழுத்த இன்னும் படிக்கல பாய்."

"அடப் பாவி, படியேன்!"

விண்ணரசி கொம்பையாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தப்பு என் மேல. முழுசாப் பாக்கச் சொன்னாங்க, நான் இருபதுன்னு எழுதினேன். அப்புறம் எறங்கினதச் சல்லடை பாக்கவே இல்ல. மாட்டினதையும் சொல்லாம மறைச்சுட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். கோபப்பட நேரம் இல்லாதவன்போல இருந்தது முகம். "பொண்ணுக்கா" என்றான்.

*

பொழுது சாயும்முன் அவள் இரண்டு வரிகளை மாற்றினாள். இருபது என்று எழுதியிருந்த இடத்தில், கடைசிவரை பார் என்று எழுதினாள். இனிமேல் காலைக் கடிதம் எல்லோருக்கும் வந்து சேர மறுநாள்கூட ஆகலாம் என்று சமையலறையில் சொன்னபோது முணுமுணுத்தார்கள், ஆனால் யாரும் தட்டில் தட்டவில்லை. சொல்லாதே என்ற இடத்தில், யாருக்கு வந்த கடிதம் மாட்டுகிறதோ அவருக்கும் அவர் கூட்டாளிக்கும் இப்படி ஒரு வரி போகும்படி செய்தாள்: 'உங்களுக்கு ஒரு கடிதம் நிற்கிறது. உப்புப் பார்க்க ஆள் கூட்டி வரவும்.' ஜெபமணி அதைப் படித்துவிட்டு, "ஆபீஸ் பாஷையா இல்லையே" என்றார். மாற்றச் சொல்லவில்லை. பார்க்காமல் விட்ட ஐந்து கடிதங்களைச் சல்லடையிடமே முழுதாகப் பார்க்கக் கொடுத்தாள். நடுக்கத்தை எடுத்துப் பூட்டி, அதன் சாயலைச் சல்லடைக்காரர்களுக்கு அனுப்பினாள். சிரிப்பு மாட்டிக்கொண்டதையும் சேர்த்து எழுதினாள்.

கடைசியாக, ரீகன் பார்த்துத் தேறிய கடிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் போகச் சொல்லி அழுத்தினாள்.

அவள் கழுத்தில் பட்டை அதிர்ந்தது.

ஏதோ சோதனைச் செய்தி என்று நினைத்துத் திரையைப் பார்த்தாள். அனுப்பியவர் பெயர்: கிளாரன்ஸ். தேதி, அவள் எழுதிய மூன்றாம் நாள். ஐந்து வாரமாக அந்தக் கடிதம் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறது.

கைகள் பட்டைக்குப் போயின, நின்றன. அவளுக்குக் கயிறு இல்லை, அதனால் கூட்டாளியும் இல்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ரீகன் சமையலறையில் பாய்க்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"ரீகன்" என்றாள். "எனக்கு ஒண்ணு வந்துருக்கு. உப்புப் பாத்துச் சொல்றியா?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பட்டையை வாங்கிக் கட்டினான். கண்ணை மூடினான். மூன்று வினாடிகூட ஆகவில்லை, திறந்துவிட்டான்.

"இத நான் அப்பவே பாத்துட்டேனேக்கா. நாலாவது." பட்டையைக் கழற்றி அவள் கையில் வைத்தான். "மொத இருபது வினாடி மட்டும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க. அப்புறம் நல்லாருக்கும்."